நான் போட்ட வெயில்

கட்டி முடியாத வீட்டுக்குள் வெயில் அடிக்க வைப்பதுதான் என் பிழைப்பு. தேனாம்பேட்டையில் ஓர் இன்டீரியர் டிசைன் ஆபீசில் வேலை. உங்கள் ஹால் நாளை எப்படி இருக்கும் என்பதை இன்றைக்கே போட்டோ எடுத்தது போல கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். சோபா, திரைச்சீலை எல்லாம் சுலபமாக வந்துவிடும். வெளிச்சம்தான் மானத்தை வாங்கும். என்னைப் போலவே மவுஸைப் பிடித்துக்கொண்டு சூரியனோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, கொஞ்சம் கேளுங்கள்.

மயிலாப்பூரில் ஓர் உதயம்

சேர்ந்த புதிது. மயிலாப்பூர் ஃபிளாட் ஒன்றின் ஹாலுக்குப் பெரிய ஜன்னல் வழியாகக் காலை வெயிலைப் பொன்னாக இறக்கியிருந்தேன். தரையில் கம்பிகளின் நிழல்கூட விழுந்திருந்தது. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

வீட்டுக்கார மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். "ஏன்னா, இங்க வந்து பாருங்கோ. நம்மாத்து வடக்கு ஜன்னல்ல சூரியன் உதிச்சிருக்கான். சந்தியாவந்தனத்துக்கு எந்தப் பக்கம் திரும்பறதுன்னு இந்தப் பொண்ணையே கேட்டுக்கோங்கோ."

பல்பு எங்கே?

தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடை. படத்தில் ஒரு மூலை மட்டும் இருட்டடித்தது. கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒன்றை அந்தரத்தில் தொங்கவிட்டேன். நாம் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான். புடவைகள் ஜொலித்தன. முதலாளி பூரித்துப்போய், படத்தை பிரின்ட் எடுத்து எலக்ட்ரீஷியன் பாபுவிடம் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பாபு போன் செய்தார். "மேடம், படத்துல வெளிச்சம் கீது, பல்பு எங்க கீதுன்னே தெர்ல. முதலாளி இதே மாதிரி வேணும்னு உயிர எடுக்குறாரு. பல்பு இல்லாத வெளிச்சம் இருந்தா குடு நைனான்னு கடைல கேட்டேன். குடிச்சிட்டு வந்தியான்றான்."

அடையாறு ஹால்

இது விளையாட்டில்லை. ஸ்டெல்லா டீச்சர் ஓய்வு பெற்றவர். அவர் கணவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அடையாறு ஃபிளாட்டின் ஹாலுக்கு நான் போட்ட பளீரென்ற படத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த நாற்காலியில உட்கார்ந்து அவர் பேப்பர் படிக்க முடியுமாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நான் நீலவானம் போட்டிருந்த இடத்தில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடம். அதையும் சேர்த்துப் போட்டதும் ஹால் சினிமா தியேட்டராகிவிட்டது. "இருட்டைக் காட்டினா எவன்மா ஆர்டர் குடுப்பான்?" என்று எங்கள் முதலாளி பாஸ்கர் சார் கத்தினார். வேலை போனாலும் போகட்டும் என்று அதைத்தான் காட்டினேன்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, சமையலறைத் தடுப்பை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். படத்தில் அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். சமையலறையின் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் நேரே நாற்காலியில் வந்து விழுந்தது. அப்படியே இடித்தும்விட்டார்கள். குடிபோனபின் அழைத்திருந்தார்கள். கணவர் அந்த நாற்காலியில் பேப்பரை விரித்து முதல் பக்கம் முழுவதும் படித்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "எழுத்தெல்லாம் நல்லா தெரியுதும்மா. சேதிதான் ஒண்ணும் நல்லா இல்ல."

கடைசித் திருத்தம்

பெரியவர் பேப்பர் படிப்பதை என் போனில் படம் எடுத்து வந்து, பெருமையாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தேன். பின்னால் வந்து நின்ற பாஸ்கர் சார், நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "வெளிச்சம் நம்புற மாதிரி இல்லியேம்மா. அந்தப் பெரியவரோட நிழலும் ஒட்டல. மாத்திடு."

சூரியனுக்கே திருத்தம் சொல்லும் ஆட்கள் இருக்கும்வரை நமக்கெல்லாம் வேலைக்குப் பஞ்சமில்லை.