பார்படோஸ் போகச் சொன்னவள்

ஐலி கோஸ்கெலா வேலை பார்த்த பயண ஏஜென்சியில் பக்கத்து மேஜை என்னுடையது. கனடாவின் சட்பரியில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் நிக்கல் உருக்காலையின் புகைபோக்கி தெரியும். ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் கதவு மூடாது. பூட்ஸில் ஒட்டிய பனியோடு உள்ளே வந்து, எங்காவது வெயிலுக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஜனங்கள் உட்காருவார்கள். கம்ப்யூட்டரில் தாங்களே தேடிப் பார்த்து டிக்கெட் போடுகிற பழக்கம் அப்போது வரவில்லை. நாங்கள் வாயால் சொல்வதுதான் அவர்களுக்குத் தீவு.

பதினேழு வருடம் ஐலி கரீபியன் தீவுகளை விற்றாள். ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. விமானத்தில் ஏறியதே இல்லை. ஃபின்லாந்திலிருந்து கப்பலில் வந்த குடும்பம் அவளுடையது. அவள் பிறந்தது இங்கேதான், நகரத்தை விட்டு அதிகம் போனால் டொராண்டோ. கணவன் வெய்க்கோ சுரங்கத்தில் பாறை துளைக்கிறவன். நாற்பத்தாறு வயதில் கல்தூசி நுரையீரலில் படிந்து அவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் இரைகிற மெஷின். ஒரு இரவுகூட அவனைத் தனியாக விட்டுப் போக முடியாது.

அதனால் அவள் போய் வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். தீவுக்கு ஒரு நோட்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த ஓட்டலில் படிக்கட்டு அதிகம், எந்தக் கடற்கரையில் கல் குத்தும், சாயங்காலம் கொசு உண்டா, எல்லாம். போய் வந்த எங்கள் முதலாளியைவிட அவளுக்கு அதிகம் தெரியும். ஆனால் முதலாளி ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லி வைத்திருந்தார்.

"நீங்க போயிருக்கீங்களான்னு கேட்டா, போயிருக்கேன்னு சொல்லுங்க. இல்லேன்னு சொன்னா அந்தாளு எந்திரிச்சு எதிர்க் கடைக்குப் போயிடுவான்."

எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். நானும் சொன்னேன்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் ஷரெட் தம்பதி வந்தார்கள். நோர்மன் ஷரெட் உருக்காலையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் ஓய்வு பெற்றவர். அவர் மனைவி யூகெட் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவர். குட்டையான, உரக்கச் சிரிக்கிற அம்மாள். இருவரும் முதல்முறையாகக் கடல் பார்க்கப் போகிறார்கள். அருபாவா, பார்படோஸா என்று மூன்று வாரமாக வீட்டில் சண்டையாம்.

"அருபால மழையே கிடையாதாம், மிசஸ் கோஸ்கெலா," என்றார் நோர்மன். "புயலும் அந்தப் பக்கம் வர்றதில்ல. கடல் தட்டு மாதிரி கிடக்குமாம். என் கூட வேலை பாத்தவன் ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டான்."

"கள்ளிச்செடியப் பாக்க அவ்ளோ தூரம் போகணுமா?" என்றார் யூகெட். "இங்க வெளிய பாருங்க. கந்தகப் புகை பட்டுப் பட்டுப் பாறையெல்லாம் கருத்துக் கிடக்கு. முப்பத்து நாலு வருஷம் மொட்டைப் பாறையத்தான் பாத்தேன். எனக்குப் பச்சையா இருக்கணும். பூ இருக்கணும். மழ பெஞ்சா பெய்யட்டும், உனக்கென்ன, கரைஞ்சா போயிடுவ?"

"உனக்கு நீச்சல் தெரியாது."

"நீச்சலடிக்கவா போறேன்? இடுப்பளவு தண்ணில நிக்கப் போறேன், கிழவா."

ஐலி இரண்டு நோட்டையும் எடுத்துப் பிரித்தாள். அருபாவில் காற்று ஓயாது, தொப்பி நிற்காது, ஆனால் மேற்குக் கரையில் குழந்தைகள்கூட இறங்கலாம் என்றாள். பார்படோஸில் பேருந்து நல்ல வசதி, மீன் நன்றாக இருக்கும், மத்தியானம் ஒரு மழை பெய்து விடும் என்றாள். விலையில் பெரிய வித்தியாசமில்லை. நோர்மனுக்கு ஒரே ஒரு நிபந்தனை: கூட்டம் இருக்கக் கூடாது. பார்படோஸின் கிழக்குக் கரையில், குன்றின்மேல், பன்னிரண்டே அறையுள்ள ஒரு விடுதியின் படத்தை ஐலி காட்டினாள். ஜன்னலுக்குக் கீழே வாழைமரம், அதற்குக் கீழே கடல். யூகெட் அந்தப் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

"நீங்க ரெண்டுத்துக்கும் போயிருக்கீங்கள்ல?" என்று கேட்டார் நோர்மன்.

"போயிருக்கேன்."

"உங்க சொந்தத் தங்கச்சி போறான்னா எங்க அனுப்புவீங்க?"

ஐலி யூகெட்டின் மடியைப் பார்த்தாள். "பார்படோஸுக்கு."

நோர்மன் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க தண்ணி எப்படி? இவ இறங்கலாமா?"

"வெந்நீர்த் தொட்டி மாதிரி இருக்கும். நானே இடுப்பளவு தண்ணில நின்னுருக்கேன்."

அவள் வேண்டுமென்று கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. அந்த வார்த்தை நோட்டில் இருந்தது. முந்தைய வருடம் போய் வந்த ஒரு பல் டாக்டரின் மனைவி சொன்னது. ஆனால் அந்தப் பெண் தங்கியது பார்படோஸின் மேற்குக் கரையில். கிழக்கே இருப்பது வேறு கடல். நடுவே தடுக்க ஒன்றுமில்லாமல் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்து மோதுகிற அலை. நோட்டில் அது எந்தக் கரை என்று எழுதியிருக்கவில்லை. நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. டிக்கெட்டை அச்சடித்துக் கொடுத்தவள் நான்.

பிப்ரவரியில், அவர்கள் போன ஐந்தாம் நாள் காலையில் விமானக் கம்பெனியிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. ஷரெட் என்ற பயணியின் திரும்பும் டிக்கெட்டை மாற்ற வேண்டும், ஒரு டிக்கெட் மட்டும். இன்னொருவரைச் சரக்குப் பகுதியில் அனுப்ப என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி போனை வைத்துவிட்டு ஐலியிடம் முதலில் கேட்டது இது:

"எழுத்துல ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்ல."

"சரி. யாரு வந்து கேட்டாலும் நீங்க பேசாதீங்க."

யூகெட்டின் அடக்கத்துக்கு ஐலி போகவில்லை. போகப் புறப்பட்டு, கோட்டு மாட்டி, வாசலில் நின்று, திரும்பி உள்ளே போய்விட்டதாக வெய்க்கோ பிறகு சொன்னான்.

நோர்மன் பிப்ரவரி கடைசியில் வந்தார். முகத்தில் வெயிலில் உரிந்த தோல் இன்னும் ஆறவில்லை. வெளியே மைனஸ் முப்பது. முதலாளி உள்ளறையிலிருந்து எழுந்து வருவதற்குள் அவர் ஐலிக்கு எதிரே உட்கார்ந்து, அந்த விடுதியின் படத்தை மேஜையில் விரித்துவிட்டார். மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. தெருவில் வழி கேட்பவர் போலக் கேட்டார்.

"நீங்க எங்க நின்னீங்க? எனக்கு அந்த இடத்த மட்டும் காட்டுங்க. நான் நாலு நாள் தேடினேன். இந்தப் பக்கம் பாறை. இங்க முழங்காலளவு தண்ணிலகூட நிக்க முடியல, இழுக்குது. அவ இங்க இறங்கினா. நீங்க நின்ன இடம் எது? நாங்க தப்பான இடத்துல இறங்கிட்டமோன்னு பாக்கறேன்."

முதலாளி பின்னால் வந்து நின்று, "மிஸ்டர் ஷரெட், நாம உள்ள போய்ப் பேசலாமே," என்றார்.

ஐலி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் போனதே இல்ல, மிஸ்டர் ஷரெட். பார்படோஸுக்கு இல்ல, எங்கயுமே போனதில்ல. எல்லாம் கேட்டு எழுதினது."

நோர்மன் படத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அப்ப போங்க," என்றார்.

"எங்க?"

"அங்கதான். போய் அந்தத் தண்ணில நில்லுங்க. நின்னுட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரருக்கு முடியல. மெஷின்லதான் இருக்காரு. ஒரு ராத்திரிகூட விட்டுட்டு..."

"நான் பாத்துக்கறேன். எனக்கு வீட்ல என்ன வேலை இருக்கு?"

அன்று சாயங்காலமே முதலாளி ஐலியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போனதில்லை என்று ஒப்புக்கொண்டதற்காக. பொய் சொன்னதற்காக அல்ல. அவள் நோட்டுகளை அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தாள்.

"ஸ்டெஃபா, எனக்கு ஒரு டிக்கெட் போடு. அதே விடுதி."

"பைத்தியமா உனக்கு? அந்த மனுஷன் துக்கத்துல ஏதோ சொன்னான்."

"சொன்னாரு. போறேன்."

மார்ச் நடுவில் நான்தான் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். கிளம்பும்போது நோர்மன் வாசலில் ஒரு சின்னப் பெட்டியோடு நின்றிருந்தார். ஐலி அவருக்கு மெஷினைக் காட்டினாள், மாத்திரை வேளைகளைச் சொன்னாள், மின்சாரம் போனால் எந்த சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்று இரண்டு முறை செய்து காட்டினாள். அவர் தலையாட்டிக்கொண்டார். வெய்க்கோ கட்டிலில் சாய்ந்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். விமானம் கிளம்பும்போது ஐலி பயந்தாளா என்று நான் வெகுநாள் கழித்துக் கேட்டதற்கு, பயப்பட நேரமில்லை என்றாள்.

அந்த ஏழு நாளைப் பற்றி வெய்க்கோ பிறகு சொன்னான்: "மனுஷன் நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு. என் முதுகத் தொடச்சி விட்டாரு. சீட்டு ஆடினோம். தன் பொண்டாட்டி பேரை ஒரு தடவகூட எடுக்கல, என் பொண்டாட்டி பேரையும் எடுக்கல. சூப்புல மட்டும் உப்ப அள்ளிப் போட்டாரு. தெரியாமதான் போட்டாருன்னு நெனக்கிறேன்."

திரும்பி வந்த நாளும் நானே வண்டி ஓட்டினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஐலி கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் நோர்மனுக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் வெளியே போய் இருக்கிறேன் என்றேன். "இரு," என்றாள்.

"நின்னேன்," என்றாள் ஐலி. "முழங்கால் வரைக்கும்தான் போக முடிஞ்சுது. அலை வர்றப்ப ஒண்ணும் தெரியல. திரும்பிப் போறப்ப காலுக்குக் கீழ இருக்கற மணல உருவிக்கிட்டுப் போகுது. நின்ன இடத்துல குழி விழுது. அதுக்கு மேல ஒரு அடி வெச்சா ஆளு நிக்க முடியாது. நான் சொன்ன மாதிரி அங்க எதுவுமே இல்ல."

நோர்மன் முன்னால் இருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"அங்க ஒரு பலகை இருக்கு," என்றாள் ஐலி. "பாதை முடியற எடத்துல. குளிக்காதீங்க, ஆபத்துன்னு பெருசா செவப்புல எழுதியிருக்கு. நீங்க அதப் பாக்கலையா?"

எனக்கு அந்த நொடியில் ஐலிமேல் கோபம் வந்தது. பழியில் ஒரு பங்கை அவர் பக்கம் தள்ளுகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படி நினைத்துக் கேட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

"பாத்தேன்," என்றார் நோர்மன். "நான்தான் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். வேணாம் யூகெட்டுன்னேன். அவ சிரிச்சா. பலகை எழுதறவனுக்கு அதான் வேலை, அந்தம்மா நின்னுருக்காங்கல்லன்னா. செருப்ப என் கையில குடுத்துட்டுப் போனா."

உள்ளறையில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. ஐலி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தாள். நோர்மன் எழுந்து, தான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு வெய்க்கோவிடம் மட்டும் கைகொடுத்துவிட்டுப் போனார். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் அதற்காகக் காத்து நிற்கவில்லை.

வெய்க்கோ அந்த மே மாதத்திலேயே இறந்தான். லூத்தரன் தேவாலயத்தில் நடந்த அடக்கத்துக்கு நோர்மன் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார், அப்புறம் கீழ்த்தளத்தில் கொடுத்த காபியைக் குடித்தார், ஐலி இருந்த பக்கம் வராமலே கிளம்பினார். அடுத்த வருடம் வீட்டை விற்றுவிட்டு டிம்மின்ஸில் மகளோடு போய் இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஐலி ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பேச வேண்டியதில்லாத வேலை. பத்து வருடம் பார்த்தாள். நான் ஏஜென்சியிலேயே இருந்தேன், அது மூடுகிற வரைக்கும். போயிருக்கீங்களா என்று ஆட்கள் கேட்டார்கள். போயிருக்கேன் என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், அந்தத் தீவு எப்படி இருந்தது, நோட்டில் எழுதியிருந்த மாதிரிதானா என்று.

"நான் ஊர்லேர்ந்து போட்டுட்டுப் போன கோட்டும் பாவாடையுமா தண்ணில நின்னுக்கிட்டு இருந்தேனா. ரோட்டுல கோலா மீன் விக்கற ஒரு அம்மா பாத்துட்டு ஓடி வந்தா. கையப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டு, கண்ணு தெரியலயா உனக்கு, பலகை தெரியலயா, போன மாசம்தான் ஒருத்தி போனா, உன்ன மாதிரியே ஒரு பொம்பளன்னு ரோடு வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தா. செருப்பு மாட்ட விடல. நல்லாத் திட்டினா, ஸ்டெஃபா. இங்க யாரும் என்னை அப்படித் திட்டல."

"இத நோர்மன்கிட்ட சொன்னியா?"

"இல்ல," என்றாள். "அத நானே வெச்சிக்கிட்டேன்."