கேட்டதற்கு மேல் ஒரு சொல்

"அந்த மேட்டு வீட்டு மாடியில பிரெஞ்சு கிளாஸ் நடக்குதுதானே, அங்க ஒரு பிள்ளை சும்மா கேள்வி கேட்கிறதுக்குச் சம்பளம் வாங்குதாம்."

தையல் கடையில் சட்டைக்கு அளவு கொடுக்கத் திரைக்குப் பின்னால் நின்றபோது, வெளியே யாரோ யாரிடமோ சொன்னது. அந்தப் பிள்ளை நான்தான். சொன்னவர்கள் போகும்வரை திரைக்குள்ளேயே நின்றேன்.

அவர்கள் சொன்னதில் பிழையில்லை. கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிப்பவர்களுக்குப் பிரெஞ்சுப் பரீட்சையில் இத்தனை புள்ளி வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. வாசிப்பு, எழுத்து, கேட்டல் எல்லாம் வகுப்பை நடத்தும் மெடம் சொல்லிக்கொடுப்பார். பேச்சுப் பரீட்சைக்குப் பழக்க, பரீட்சகர் மாதிரி எதிரே உட்காருவது என் வேலை. கண்டிக்குப் பக்கத்துப் பன்விலவிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்த எனக்கு அது தோதாக இருந்தது. கேள்விகளை மெடமே எழுதித் தந்துவிடுவார். பதில் மற்றவர்கள் பாடு. வாய்ப் பரீட்சைக்குப் போய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

முதல் கேள்வி

மகேந்திரன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறுபவர். வகுப்புக்கு வந்ததும் மெடத்தின் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்து, "வந்திட்டன்" என்று ஒரே சொல் சொல்லி வைத்துவிடுவார். எனக்கு அப்பா வயது இல்லை என்றாலும் சித்தப்பா வயது. அவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பதற்கு எனக்குக் கூச்சம். தாளைப் பார்த்தபடியே, "வணக்கம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

அவர் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையையும், அந்தப் போர்க்காலத்தில் வடக்குத் தமிழர் பொலிஸில் பதிந்து வைத்திருக்கவேண்டிய துண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார். வைத்த பிறகுதான் இது சோதனைச் சாவடி இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த முறைக்குக் காத்திருந்த, அலவத்துகொடவிலிருந்து படிக்க வரும் ரிஸானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போட்டோல இருக்கிறது அவருதான் டீச்சர், உடுங்க."

முட்டை மணி

மெடத்தின் மேசையில் முட்டை அவிக்க வைக்கும் மணி ஒன்று இருக்கும். திருகி வைத்தால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் அடிக்கும். பேச்சுப் பயிற்சிக்கு அதுதான் கடிகாரம். ஒரு தலைப்பில் மூன்று நிமிடமாவது விடாமல் பேசவேண்டும்.

"வார இறுதியில் என்ன செய்தீர்கள்?"

"வீட்டில் இருந்தேன்."

"யாருடன்?"

"மனைவியுடனும் மகளுடனும்."

அதோடு சரி. வினைச்சொல்லில் பிழையில்லை, உச்சரிப்பில் பிழையில்லை. மிச்சம் இரண்டரை நிமிடமும் மணி மட்டும் பேசிக்கொண்டிருக்கும். இப்படியே மகேந்திரன் சேர் கொழும்பில் இரண்டு தரம் பரீட்சை எழுதி, இரண்டு தரமும் பேச்சில் மட்டும் புள்ளி போதாமல் திரும்பியிருந்தார். சித்திரையில் அவருக்கு வயது ஒன்று கூடும்; கூடினால் வயதுக்கான புள்ளி குறையும். அதற்குள் இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் இருந்தது.

தாளில் இல்லாத கேள்வி ஒன்றை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். தெரிந்ததை ஏன் சேர் சொல்லாமல் நிறுத்துகிறீர்கள் என்று.

"கேட்டதுக்கு மேல ஒரு சொல் சொன்னா, அதுக்குள்ளயிருந்து அடுத்த கேள்வி வரும் ரீச்சர். அப்பிடியே பழகிப்போச்சு."

ஏன் போகிறீர்கள்?

இந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று மெடம் அடிக்கோடு போட்டிருந்தார்: அந்த நாட்டுக்கு ஏன் போக விரும்புகிறீர்கள்? ரிஸானாவிடம் கேட்டால், அங்கே கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையில் தொடங்கிப் பனி, சப்பாத்து, மாமியாரின் சர்க்கரை வியாதி என்று மணி அடித்த பிறகும் போய்க்கொண்டிருப்பாள். மகேந்திரன் சேர், "மகளுக்காக" என்றார். நிறுத்தினார்.

மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். பத்து வயது. கெட்டிக்காரி. பிறகு, நான் கேட்காமலே, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துப் பிரெஞ்சில் சொன்னார்: பஸ்ஸில் அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை. தமிழ் என்று தெரிந்துவிடும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே நிறுத்திவிட்டாள்.

அடுத்த கேள்வி தாளில் இருந்தது. வாசிக்க முடியவில்லை. மணி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். தமிழுக்கு மாறினார்.

"வீட்டை வந்தாப் பிறகு எல்லாத்துக்கும் சேர்த்துக் கூப்பிடுவாள். அதில குறையில்லை தங்கச்சி."

நான்காவது படி

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று ரிஸானா மாடிக்கு ஏறி வரும்போது தடுக்கி விழுந்து, எங்களுக்குக் கொண்டுவந்த வட்டிலப்ப இனிப்பு படியெல்லாம் சிந்தியது. அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு உள்ளே வரவும், மகேந்திரன் சேர் மெதுவாக, "நான்காவது படி" என்றார். பிரெஞ்சில். எனக்கு ஏதோ தோன்றியது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான்காவது படிக்கு என்ன?" என்றேன்.

மற்றப் படிகளைவிட அது ஒரு அங்குலம் உயரம் என்றார். கால் பழகியபடிதான் ஏறும், கண் பார்த்து ஏறாது, அதனால் புதிதாக வருபவர்கள் எல்லோரும் அங்கேதான் தடுக்குவார்கள் என்றார். எட்டு மாதமாகத் தினமும் அதை எண்ணிக்கொண்டே ஏறுகிறாராம். பிறகு கைபிடி. பிறகு மழைத் தண்ணீர் இறங்கும் பீலி சுவரோடு ஒட்டியிருப்பது. ஜன்னல் காற்று வரும் பக்கம் வைக்காமல் வெயில் வரும் பக்கம் வைத்தது. மணி அடித்தது, அவருக்குக் கேட்கவில்லை. கையால் காற்றில் கீறிக் கீறிக் காட்டினார். குரல் உயர்ந்திருந்தது. அவர் குரல் அவ்வளவு கனமானது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

கதவடியில் மெடம் நின்றிருந்தார். அந்த வீட்டைக் கட்டியது அவருடைய காலஞ்சென்ற கணவர். மகேந்திரன் சேர் மெடத்தைக் கண்டதும் பாதி வாக்கியத்தில் நின்று, கதிரையைவிட்டு எழுந்தார். மெடம் உள்ளே வந்து, மணியை மறுபடி திருகி வைத்தார்.

"இந்தப் படியை எல்லோரும் சிங்களத்தில் திட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சில் கேட்க நன்றாக இருக்கிறது. உட்கார்ந்து ஜன்னலைச் சொல்லி முடியுங்கள்."

வானில் நடந்தது

பரீட்சைக்கு ரிஸானாவும் அவளுடைய வாப்பாவும் மகேந்திரன் சேரும் வாடகைக்குப் பிடித்த ஒரே வானில் கொழும்புக்குப் போனார்கள். திரும்பி வந்து அவள் சொன்னதுதான் இது. கொழும்புக்குக் கிட்டத்தில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்களாம். ஆமிக்காரன் மகேந்திரன் சேருடைய அட்டையை வாங்கிப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறான்.

இவர் சொல்லத் தொடங்கிவிட்டார். பரீட்சைக்கு, பிரெஞ்சுப் பரீட்சைக்கு, அதிலும் பேச்சுக்கு, இரண்டு தரம் போதாமல் போனது, இது கடைசி, மகளுக்குப் பத்து வயது, கண்டியில் படி சரியில்லாத ஒரு வீட்டில்தான் வகுப்பு. எல்லாம் சிங்களத்தில், விடாமல். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. வாப்பா உதட்டுக்குள் ஓதத் தொடங்கிவிட்டார். அந்த ஆமிப் பையனுக்கு இருபது வயதிருக்கும், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

ரிஸானா சொல்லச் சொல்லச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அவரை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த பழக்கத்தை அல்லவா நான் கெடுத்திருந்தேன்? ஆனால் அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, மரியாதையாகவே சொன்னது இவ்வளவுதானாம்:

"சரி மாத்தயா, மிச்சத்த அங்க போய்ச் சொல்லுங்க."

கடித உறை

கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குபவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது, பதில் எழுதிய கடிதம் வேறு யாருடைய பெயருக்கோ வருவதை எட்ட நின்று பார்ப்பதுதான்.

முடிவு மெடத்தின் முகவரிக்கு வந்தது. மகேந்திரன் சேர் அலுவலகத்திலிருந்து நேரே வந்து, உறையை ஓரமாகக் கிழித்து, நின்றபடியே வாசித்தார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார். பேச்சுக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தேன். வேண்டியதைவிட இரண்டு புள்ளி கூட இருந்தது. தலையாட்டிவிட்டுத் தாளை மெடத்திடம் கொடுத்தேன். மெடம் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முட்டை மணியை எடுத்து, போகுமட்டும் திருகி, தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வீட்டு எண்ணை அழுத்தினார்.