டெனிஷின் கடைசிப் பத்தி

கருங்கல் சந்தைக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கும் பிரிஜா நாற்பத்தொரு வயதில் ஸ்பானிஷ் படிக்க இறங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் மையத்தில் போய் விசாரித்தபோது, அங்கிருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஜெர்மன் படியுங்கக்கா, வேலையாவது கிடைக்கும்" என்றார். அவளுக்கு வேலை வேண்டாம். புருஷன் டெனிஷ் எப்படிச் செத்தான் என்று தெரிந்தால் போதும்.

டெனிஷுக்குச் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறை வேலை. நடுக்கடலில் இறந்தான். உடல் வந்தது, அவன் சாமான் பெட்டி வந்தது, கூடவே கம்பெனிக் கடிதமும் வந்தது. உறக்கத்தில் மாரடைப்பு என்று ஒரே வரி. பதினாறு வருஷம் எண்ணெயிலும் புகையிலும் கிடந்தவனுக்கு அவ்வளவுதான்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வீட்டார் எழுதி அடக்க ஆராதனையில் வாசிப்பார்கள். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, கல்யாணம் என்று வரிசையாகப் போய், கடைசிப் பத்தியில் அந்த மனுஷனின் இறுதி நேரம் வரும். யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன கேட்டார், எந்தப் பாட்டைப் பாடச் சொன்னார், எல்லாம் அதில் இருக்கும். டெனிஷின் குறிப்பு மட்டும் அந்தப் பத்தி இல்லாமல் வாசிக்கப்பட்டது. மாமியார் செல்லபாய்க்கு அது ஆறவே இல்லை.

"எனக்க மவனுக்க கடைசி ஆருக்கும் தெரியாமப் போச்சே மக்கா. வருஷ ஜெபத்திலயாவது சேத்து வாசிக்கணும்" என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் வந்த டெனிஷின் போனில் வில்மரின் எண் இருந்தது. பெரு நாட்டுக்காரன், கப்பலில் சமையல்காரன், டெனிஷோடு ஒரே அறையில் படுத்தவன். ஸ்பானிஷைத் தவிர, கப்பல் வேலைக்கு வேண்டிய நாலு இங்கிலீஷ் வார்த்தை மட்டுமே அறிந்தவன். பிரிஜா போனிலேயே மொழிபெயர்த்து எழுதிக் கேட்டாள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. அவன் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான்; எழுத்திலோ பதிவிலோ எதுவும் தர மாட்டான், மூன்றாம் ஆள் காதிலும் போட மாட்டான். அவளிடம் மட்டும் வாயால் சொல்வானாம். சரி, அப்படியானால் படித்துவிட வேண்டியதுதான்.

போனில் வந்த பாடங்கள் 'நான் போகிறேன், நீ சாப்பிடுகிறாய்' என்று தொடங்கின. அதையெல்லாம் அவள் தாண்டிவிட்டாள். செத்தவனைப் பற்றிக் கேட்க நிகழ்காலம் எதற்கு? இறந்தகால வாய்ப்பாட்டைக் கடையில் பிரிண்ட் எடுத்து மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அளவு நோட்டின் முன்பக்கம் வாடிக்கைக்காரிகளின் தோளும் இடுப்பும், பின்பக்கம் வினைச்சொற்கள். ஆப்ளே, ஆப்ளாஸ்தே, ஆப்ளோ: பேசினேன், பேசினாய், பேசினான். கொமீ, கொமிஸ்தே, கொமியோ: சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டான். முறையான வினைகள் அவளுக்குச் சட்டென்று கைக்குள் வந்தன. ஜாக்கெட்டைப் போலத்தான், உடம்பு ஒரே வெட்டு. கைதான் ஆளுக்கு ஆள் மாறும். காஜா எடுக்கும்போதும் கொக்கி வைக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். புருஷன் போன ஏக்கத்தில் பிச்சியாகிவிட்டாள் என்று எதிர்க்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஏழாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வில்மரை அழைத்தாள். கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். முதல் கேள்வி, டெனிஷ் கடைசி ராத்திரி சாப்பிட்டானா?

"நோ கொமியோ" என்றான் வில்மர். சாப்பிடவில்லை.

வேகமாகப் பேசிவிடுவானோ என்று பயந்திருந்தாள். அவனோ அவளுக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கிரித்தோ: கத்தினான். யொரோ: அழுதான். டெனிஷ் உறங்கவே இல்லை. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். பக்கத்துத் துறைமுகத்துக்குக் கப்பலைத் திருப்பச் சொல்லி வில்மர் கேப்டனின் காலில் விழுந்திருக்கிறான். நேரமாகும் என்று கேப்டன் திருப்பவில்லை. எஸ்பெரோ, என்றான் வில்மர். காத்திருந்தான். டெனிஷ் உயிரோடு கிடந்தது பதினோரு மணி நேரம். சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

எல்லாம் அவள் படித்த வினைகள். ஒன்றுகூடப் புரியாமல் போகவில்லை. சோம்பல்பட்டு நாலு சொல்லையாவது படிக்காமல் விட்டிருக்கக் கூடாதா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

வருஷ ஜெபத்தன்று பிரிஜா எழுந்து நின்று கடைசிப் பத்தியை வாசித்தாள். "நண்பர் வில்மர் பக்கத்திலிருக்க, வேதனை ஏதுமின்றி, உறக்கத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." கம்பெனிக்காரன் எழுதிய அதே பொய். அவன் தன்னைக் காத்துக்கொள்ள எழுதினான். இவள் எழுபத்தாறு வயதுத் தாய்க்காக எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் செல்லபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கஷ்டப்படாம போனான் இல்லியா மக்கா?"

"ஆமா மாமி."

"அந்தப் பையன் அதை அவனுக்க பாஷையில எப்பிடிச் சொன்னான்?"

பிரிஜாவின் வாயில் இருந்தவை நாலே சொற்கள். சாப்பிடவில்லை, கத்தினான், அழுதான், காத்திருந்தான். கேட்கக் கொடுமை குறைந்ததாகக் கடைசிச் சொல்லை எடுத்தாள்.

"எஸ்பெரோ மாமி."

"எஸ்பெரோ" என்று கிழவி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அன்று மாலை வீட்டு ஜெபத்தில் முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வருஷமாக இல்லாத நிம்மதி அவள் குரலில் இருந்தது. "ஆண்டவரே, எனக்க பிள்ளை எஸ்பெரோ. உமக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த பிரிஜாவுக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.