ஏழு டிராகன் வருசத்துத் துணிப் பந்தல்

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த எல்லாருக்கும் தோத்திரம். உங்க கைல இருக்கிற இந்த நெனவுப் புஸ்தகத்தோட முன் அட்டைல இருக்கிறது அண்ணனோட லைசென்ஸ் போட்டோ. வேற நல்ல போட்டோ கெடைக்கல. ஊர்ல நடந்த அத்தன ஃபங்ஷன்லயும் அண்ணன் பந்தலுக்கு மேல ஏறி நின்னுச்சு, போட்டோ எடுக்க கீழ எறங்கி வந்ததே இல்ல. பெரியவங்க 'அன்னார்'னு போட்டு எழுத சொன்னாங்க. எனக்கு அது வராது. அண்ணன்னே எழுதுறேன்.

அண்ணன் பொறந்தது வாலாஜாபாத், வளந்தது ஒரகடம். அப்பா தவறுனப்போ நான் மூணாவது படிச்சிகினு இருந்தேன், அண்ணன் அப்போ தான் ஐடிஐ சேந்திருந்துச்சு. அடுத்த வாரமே அத வுட்டுட்டு கம்பெனில கார் ஓட்டப் போயிடுச்சு. லீவு நாள்ல ஷாமியானா வேல. நான் காலேஜ் முடிச்சது அந்த ரெண்டு வேலைல தான். தண்ணி கெடயாது, சிகரெட்டு கெடயாது. கோவம் உண்டு. அதுவும் பந்தல் கால்ல எவனாச்சும் கயிறு கட்டி லுங்கி காயப் போட்டா அவ்ளோ தான், செத்தான்.

அண்ணன் ஓட்டுன கார்ல வந்தவரு தான் லின் சார். தைவான்காரரு. மிஷின் மாட்ட வந்து இங்கயே சில வருசம் தங்கிட்டாரு. எல்லாரும் 'அண்ணா அண்ணா'ன்னு கூப்டறத பாத்து அது தான் பேருன்னு நெனச்சு 'மிஸ்டர் அண்ணா'ன்னு கூப்டுவாரு. அண்ணனும் திருத்தல.

லின் சார் வருசா வருசம் அவங்க ஊர் பஞ்சாங்கம் ஒண்ணு வரவெப்பாரு. செவப்பு அட்ட. நம்ம பஞ்சாங்கம் மாதிரியே நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் இருக்கும், மழையும் இருக்கும். ஒரு மாட்டுப் படம், பக்கத்துல மாட்டுக்காரப் பையன். பையன் ரெண்டு கால்லயும் செருப்பு இருந்தா அந்த வருசம் மழ கம்மி. வெறுங்காலா நின்னா மழ ஜாஸ்தி. ஒரு கால்ல மட்டும் இருந்தா சுமாரு. அப்புறம் அதே படத்துல பாம்பு மாதிரி நெளிஞ்சிகினு டிராகன். எலி, மாடு, டிராகன்னு பன்னெண்டு மிருகப் பேரு அவங்க நாளுக்கும் உண்டு. அவங்க வருசப் பொறப்புல இருந்து எண்ணி எத்தனாவது நாள் டிராகன் நாளோ, அந்த வருசம் அத்தன டிராகன் கைல மழ. பந்தல் போடறவங்களுக்கு இத விட இன்னா வேணும்? அண்ணன் அப்பவே கவுந்துருச்சு. படத்த ஃபோன்ல புடிச்சு, பிரிண்ட் போட்டு, வூட்டு ஹால்ல மாட்டிடுச்சு.

மொத வருசமே சொதப்பல். லின் சார் எட்டு டிராகன்னாரு. அவரு பேசி முடிக்கற வரைக்கும் கூட அண்ணன் நிக்கல. எட்டுன்னா ஊரே முழுகிடும்னு முடிவு பண்ணி, எவன் வந்து கேட்டாலும் தகரப் பந்தல் தான்னு ஒரே அடம். ஏரி எல்லாம் காஞ்சு நம்ம தண்ணி லாரி பின்னாடி கொடத்தோட ஓடுனது அந்த வருசம் தான். நல்ல கத்திரி வெயில்ல ஒரு நிச்சயதார்த்தம். தகரத்துக்கு அடில பொண்ணோட மேக்கப் கழுத்து வரைக்கும் எறங்கிடுச்சு. பொண்ணோட தாய்மாமா வந்து, "இன்னாபா, பந்தல் போட்டியா, பேக்கரி அடுப்பு போட்டியா?"ன்னு கேட்டாரு.

அண்ணன் போய் லின் சார் முன்னாடி நின்னுச்சு. அவரு வயித்தப் புடிச்சிகினு சிரிச்சாராம். அவரு இங்கிலீஷ்ல சொன்னத அண்ணன் எங்க கிட்ட இப்டி சொல்லும்: "மிஸ்டர் அண்ணா, ஒரு லைனுக்கு எட்டு சூப்பர்வைசர் போட்டா வேல நடக்குமா? அவன் பாத்துப்பான் இவன் பாத்துப்பான்னு எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவான். டிராகனும் அதே கேஸ் தான். ஒத்த டிராகனா இருந்தா தான் பயந்துகினு வேல செய்யும்."

அப்புறம் ஒரு வருசம் ஒத்த டிராகன் வந்துச்சு. அண்ணன் முன்னாடியே தகரம் சேத்து வெச்சுது. டிசம்பர்ல ஊரே முட்டிக்கால் தண்ணில நின்னுச்சு. அதோட 'டிராகன் பந்தல்'னு பேரு ஆயிடுச்சு. சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்தெல்லாம் ஆள் வந்து, தேதி குறிக்கறதுக்கு முன்னாடி அண்ணன கேட்டுட்டுப் போனாங்க.

அம்மாவுக்கு மட்டும் புடிக்கல. "மாதா படத்துக்குப் பக்கத்துல பாம்ப மாட்டி வெச்சிகீறியே, உருப்படுவியாடா?"

"மா, அது பாம்பு இல்ல. மழ டிபார்ட்மென்ட்."

வூடு மந்திரிக்க வந்தப்போ பங்குச் சாமியார் கிட்ட அம்மா போட்டுக் குடுத்தாங்க. சாமியார் அந்தப் படத்த ரொம்ப நேரம் பாத்துட்டு, "சரி, இந்த வருசம் திருவிழாவுக்குத் தகரமா, துணியா?"ன்னு கேட்டாரு.

லின் சார் எப்பவும் ஒண்ணு சொல்லுவாரு. இது எங்க பக்கத்து வயலுக்குப் போட்ட கணக்கு, உங்க மழையே வேற, எங்களுக்குக் குளிரு ஆரம்பிக்கறப்போ தான் உங்களுக்கு மழயே ஆரம்பிக்குது, பாத்து நடந்துக்கோன்னு. அண்ணன் தலைய ஆட்டும். காதுல வாங்காது.

ரெண்டு கிட்னியும் போச்சுன்னு டாக்டர் சொன்னப்போ, அண்ணன் கேட்ட ஒரே கேள்வி, "ஏணி ஏறலாமா சார்?"

என் கல்யாணம் அந்த நேரத்துல தான் முடிவாச்சு. நான் குட்டியா இருந்தப்பவே அண்ணன் சொல்லி வெச்சது ஒண்ணு. என் கல்யாணத்துக்குத் தகரம் கிட்டயே வரக் கூடாது. வெள்ளத் துணி, கம்பு தெரியக் கூடாது, கயிறு தெரியக் கூடாது, மேல பாத்தா மேகம் மாதிரி இருக்கணும். அதுக்கு அடில நான் நிக்கறத அது பாக்கணும். அண்ணன் தனக்குன்னு கேட்டது அது ஒண்ணு தான்.

மாப்ள வூட்ல ஸ்ரீபெரும்புதூர்ல ஏசி மண்டபம் பாத்து வெச்சிருந்தாங்க. அண்ணன் ஒத்துக்கல. கிறிஸ்மசுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலம் ஆரம்பிச்சா கோவில்ல கல்யாணம் வெக்க மாட்டாங்க, அதனால நவம்பர் தான் கெடச்சுது. நல்ல மழ மாசம். லின் சார் அப்போ ஊருக்கே திரும்பிட்டாரு, அண்ணன் ஃபோன் போட்டுக் கேட்டுச்சு. ஏழு டிராகன்னாரு. அண்ணன் மூஞ்சில அப்டி ஒரு சிரிப்பு.

நான் சும்மா கலாய்ச்சேன். "ணா, ஏழு பேருல ஒருத்தன் ஓ.டி. பாத்தான்னா?"

"ஏழு பேரு கீற எடத்துல எவன் பாப்பா ஓ.டி. பாப்பான்?"

கல்யாண வாரம் அண்ணனுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துகிச்சு. காஞ்சிபுரத்துல அட்மிட். டாக்டர் வெளிய வுடல. கல்யாணத்த தள்ளி வெச்சிக்கலாம்னு சொன்னேன். "தள்ளி வெச்சா நான் இருக்க மாட்டேன் பாப்பா. வெச்சிடுங்க"ன்னுச்சு. டீ வேணாம்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொல்லுச்சு.

அப்புறம் பெட்ல படுத்துகினே வீடியோ கால்ல பந்தல் போட்டுச்சு. அண்ணன் கூட ரொம்ப வருசமா வேல செய்யற குமாரு ஃபோன புடிச்சிகினு கோவில் கிரவுண்ட சுத்தி வந்தாரு.

"டேய், கேமராவ மேல காட்டு. உன் மூஞ்சிய எதுக்குடா காட்டற, அதான் டெய்லி பாக்கறனே."

"ண்ணா, கறுத்துகினு வருது. தகரம் ஏத்திகினு வந்துடட்டா?"

"தகரத்துல கைய வெச்ச, கைய ஒடச்சிடுவேன்."

"நீ எங்கருந்து ஒடைக்கற, உன் கைலயே ஊசி குத்தி வெச்சிகீறாங்க."

சாயங்காலம் ரிசப்ஷன். மேடைல நின்னு மேல பாத்தேன். நெஜமாவே மேகம் மாதிரி தான் இருந்துச்சு. எதுர்ல ஸ்டாண்டு போட்டு ஃபோன வெச்சிருந்தோம். அந்தப் பக்கம் அண்ணனுக்கு டயாலிசிஸ் ஓடிகினு இருக்கு, ஒரு சிஸ்டர் ஃபோன அது மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சிகினு நிக்கறாங்க. பிரியாணி அண்டாவ தொறக்கற நேரம் மழ வந்துச்சு. தூறல் கீறல் எல்லாம் இல்ல, ஒரேடியா. துணி அங்கங்க தொப்ப போட்டுத் தொங்குச்சு. குமாரும் அவரு ஆளுங்களும் சவுக்குக் கட்டையால முட்டுக் குடுத்துத் தண்ணிய வெளிய தள்ளுனாங்க. பத்தல. மாமா, சித்தப்பா, மாப்ள வூட்டு ஆளுங்க, பட்டு வேட்டியோட ஆளுக்கு ஒரு கட்டையப் புடிச்சிகினு நின்னீங்க. ஏன் மண்டபம் பாக்கலன்னு ஒருத்தர் கூட கேக்கல.

நான் மேடைய வுட்டு எறங்கி ஃபோன கைல எடுத்தேன்.

"பாப்பா, நனஞ்சிட்டியா?"

"இல்லணா." புடவ முந்தானைல இருந்து சொட்டிகினு இருக்கு. அதுக்கும் தெரியுது.

"மேல காட்டு."

காட்டுனேன். ஈரத் துணி, அதுக்குள்ள சீரியல் லைட்டு. "நல்லா தான் கீது"ன்னுச்சு. அப்புறம், "எவனோ ஓ.டி. பாத்துட்டான் பாரு"ன்னு சொல்லி சிரிச்சுது. மிஷின் சத்தம் வந்துச்சு, சிஸ்டர் போதும்னு சொன்னாங்க, கட் ஆயிடுச்சு.

அண்ணன் போனது பொங்கல் முடிஞ்சு. ஆஸ்பத்திரில, காலைல. சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. மூச்சு வாங்கிச்சு, அப்புறம் நின்னுச்சு. அம்மா அழுதாங்க. நான் ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்ணேன், பொட்டிக்கு ஃபோன் பண்ணேன், கல்லறைக்கு எழுதிக் குடுத்தேன். டிஃபன் கூட சாப்ட்டேன். இன்னும் நான் அழல. வரும் வரும்னு எல்லாரும் சொல்றீங்க. வந்தா வரட்டும்.

விசயம் கேட்டு லின் சார் மெசேஜ் போட்டாரு. மிஸ்டர் அண்ணா எந்தத் தேதி, எந்த நேரத்துல போனாரு, சொல்லு, பஞ்சாங்கத்துல பாக்கறேன்னு. அவங்க வழக்கம் அது, தப்பா கேக்கல. நான் தேதி அனுப்பல. நல்ல நாளுன்னு போட்டிருந்தாலும் எனக்கு வேணாம், கெட்ட நாளுன்னு போட்டிருந்தாலும் வேணாம். "பாக்காதீங்க சார்"னு மட்டும் அனுப்புனேன். சரின்னாரு.

ரத்தம் குடுத்த கம்பெனி டிரைவருங்களுக்கு நன்றி. கை வலிக்க வலிக்க ஃபோன புடிச்சிகினு நின்ன அந்த சிஸ்டருக்கு நன்றி, உங்க பேரு கேக்க மறந்துட்டேன். சாமியாருக்கு நன்றி. குமாருக்கு, லின் சாருக்கு, அன்னைக்கு மழைல கட்ட புடிச்ச அத்தன பேருக்கும் நன்றி.

அடக்கத்துக்கு வந்து எங்க வூட்டு வாசல்ல நின்னவங்களுக்கும் நன்றி. அன்னைக்கு செம வெயில். கர்ச்சீப்ப தலைல போட்டுகினு மதியம் வரைக்கும் நின்னீங்க. பந்தல் போடணும்னு எங்க யாருக்குமே தோணல. குமாருக்குக் கூட தோணல.

மன்னிச்சிடுங்க.