படியில் நின்ற ரோஸ்லின் அக்கா

போன வாரம் என் கார் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது. நாடுதான் முன்னேறியிருக்கிறதே, பஸ்ஸில் போவோம் என்று எங்கள் ஊர் லுக்குட் நிறுத்தத்துக்குப் போனேன்.

அங்கே பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா நின்றிருந்தார். அவருக்கு வாரம் மூன்று தடவை சிரம்பானில் டயாலிசிஸ். மகள்தான் காரில் கொண்டுபோய் விடுவாள். அன்று செனாவாங் தொழிற்சாலையில் அவளுக்கு ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம்.

போனில் ஆப்பைத் திறந்தேன். பஸ் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றது. கொஞ்ச நேரத்தில் ‘வந்துவிட்டது’ என்றது. ரோட்டில் ஒரு நாய் மட்டும் நடந்துபோனது.

“எங்க தம்பி பஸ்ஸு?”

“வந்துருச்சுக்கா... போன்ல.”

அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது லோரியில் நின்றுகொண்டே போனோம். அப்புறம் தகர பஸ் வந்தது. ஜன்னலும் மூடாது, கண்டக்டர் வாயும் மூடாது. பிறகு கண்டக்டரை எடுத்தார்கள். டிக்கெட்டை எடுத்தார்கள். இப்போது காசையும் எடுத்துவிட்டார்கள். பாக்கி இருப்பது பயணிகள்தான்... அதற்கும் முயற்சி நடக்கிறது!

ஒருவழியாக நிஜ பஸ் வந்தது. புத்தம் புதுசு. ஏர்கோன், கேமரா, போனுக்குச் சார்ஜ் போடும் வசதி எல்லாம் உண்டு. நான் போனைக் காட்டி ஏறினேன். அக்கா கையில் ரிங்கிட் நோட்டோடு படியில் நின்றார்.

டிரைவர் நம்மாள்தான், தமிழர். “காசு வாங்க முடியாதுக்கா. கார்டு மட்டும்தான் லா.”

“கார்டு எங்கப்பா விக்கிறாங்க?”

“சிரம்பான் பஸ் ஸ்டேசன்ல.”

“சிரம்பானுக்கு எப்படிப் போறது?”

டிரைவர் யோசித்தார். “...பஸ்லதான்.”

அக்காவுக்காக என் போனை மறுபடி காட்டினேன். மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது. ஆப்பில் ஒரு கணக்குக்கு ஓர் ஆள்தானாம்.

“எறங்கிருங்கக்கா. கேமரா பாத்துக்கிட்டே இருக்கு. எனக்கு வேலை போயிரும்.”

முன்பு ஒரு தடவை டயாலிசிஸ் தவறியபோது, மூச்சு முட்டி வார்டில் கிடந்தவர் அக்கா. அவர் முகத்தில் அந்தப் பயம் வந்தது. அடுத்த நிமிடம் அது கோபமாக மாறியது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நா எறங்க மாட்டேன் லா. ஒங்க கேமராவுக்கு நல்லாத் தெரியிற மாதிரி இங்கயே நிக்கிறேன். கூப்புடு ஒங்க ஆபீஸ!”

கதவு மூடாமல் அந்தப் பஸ் நகராது. பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நவீனம் முதல்முறையாக அக்கா பக்கம் நின்றது!

டிரைவர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் குரல், மிக மரியாதையான மலாயில், ஆப்பில் புகார் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதில் வரும் என்றது.

அக்கா குனிந்து, அதே மலாயில் கேட்டார்: “ஒரு வாரத்துல நா உயிரோட இருக்க மாட்டேன்மா. அப்புறம் யாருக்குப் பதில் சொல்லுவே?”

முன் சீட்டில் இருந்த மலாய்க்கார அம்மா தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

“...சரி, கூட்டிக்கிட்டுப் போங்க” என்றது அந்தக் குரல். இப்போது அதில் மரியாதை குறைந்து, மனுஷத்தனம் கொஞ்சம் கூடியிருந்தது.

அக்கா உட்கார்ந்ததும் டிரைவர்தான் பெரிதாக மூச்சு விட்டார்.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் முகத்தைச் சுளித்தாலும் மெஷினில் இடம் கொடுத்துவிட்டார். அக்கா கண்ணை மூடிப் படுத்த பிறகுதான் நான் என் வேலையைப் பார்க்கக் கிளம்பினேன்.

சரி, பஸ் கம்பெனி சும்மா இருக்குமா? உடனே நடவடிக்கை எடுத்துவிட்டது. கார்டு இன்னும் சிரம்பானில்தான் விற்கிறது. ஆனால், நேற்று பார்த்த பஸ் கதவில் புத்தம்புது ஸ்டிக்கர்: ‘படியில் நிற்கக் கூடாது.’

தமிழிலும் போட்டிருக்கிறார்கள்... முதல்முறையாக!