கொட்டில் வேய்ந்த வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு, அடுப்பு மூட்டத் தணல் வாங்கி வரும்படி என் மகளிடம் தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்து அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, கைக்கடிகாரத்தை அப்போதுதான் கழற்றி வைத்தேன். அதனால் அந்த நேரம் இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை.

போர்க்காலத் தடையால் தீப்பெட்டி கிடைக்காத நாட்கள் அவை. ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தால் அக்கம்பக்கத்தார் அங்கே போய்த் தணல் வாங்குவார்கள். எங்களுக்குத் தணல் தந்தவர்கள் கடற்கரையூரான குருநகர் ஆட்கள். ஷெல்லடிக்குத் தப்பி எங்கள் ஊரான சண்டிலிப்பாய்க்கு வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னங்காணியில் ஓலைக் கொட்டில்கள் போட்டிருந்தார்கள். கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே அடுப்பு, ஒரே பானை. அந்த அடுப்பு அணைவதேயில்லை.

தணலுக்கு மேல் சாம்பலைத் தூவிக் கொண்டுவர வேண்டும். ஒன்பது வயதுக்காரி, அது அணைந்துவிடப் போகிறதே என்று காய்ந்த தேங்காய்த் தும்பை அள்ளிப் போட்டு ஊதியிருக்கிறாள். சோளகக் காற்று அந்தத் தும்பை நெருப்போடு தூக்கிப் பக்கத்துக் கொட்டிலின் கூரையில் போட்டது.

நான் ஓடிப் போவதற்குள் கூரை உள்ளே விழுந்துவிட்டது. நல்ல காலம், உள்ளே ஒருவரும் இல்லை. மற்றக் கொட்டில்களுக்கு நெருப்புப் பரவாமல் ஆண்கள் தண்ணீர் அடித்தார்கள். ஆனால் அந்த வீட்டாரின் உடுப்புகளும், வீட்டுக்காரர் குருநகரில் இருந்து தோளில் சுமந்து வந்த வலையும் போய்விட்டன. அவர் அப்போது வடமராட்சிப் பக்கம் வேறொருவரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போயிருந்தார்.

கடற்கரைச் சனத்தின் வாய்க்கு எங்கள் ஊரில் ஒரு கெட்ட பெயர் உண்டு. அவருடைய மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தபோது ஏச்சு விழப் போகிறது என்று நினைத்தேன்.

"அக்கா, பிள்ளை எங்கை?"

"என்ரை பிள்ளைதான், தங்கச்சி..."

"அதை எல்லாரும் கண்டதுதானே. கையைக் கிய்யைச் சுட்டுப்போட்டாளோ எண்டு கேக்கிறன்."

மகள் எங்கள் வீட்டு நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். கையில் காயம் இல்லை. அந்தப் பெண் குந்தியிருந்து கூப்பிட்டபோது உள்ளேயிருந்து ஒரு கேள்விதான் வந்தது.

"மாமா வந்தா அடிப்பாரோ?"

"அந்தாள் என்ன சொல்லுமெண்டு எனக்குத் தெரியாது. நாளைக்குப் பின்னேரம்தான் வரும். நான் உனக்குப் பக்கத்திலை நிப்பன்."

பொய் சொல்லித் தேற்றாதது எனக்குப் பிடித்தது. ஆனால் மகள் வெளியே வரவுமில்லை, சாப்பிடவுமில்லை. பெரிய மீசையும் பெரிய குரலுமாக இருக்கும் அந்த மனிதர் வந்து வாய் திறக்கும் வரைக்கும் என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைக்கமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

பொழுதுபட அவர்கள் வழமைபோலச் செபமாலை சொல்லக் கூடினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். எரிந்த கொட்டிலுக்கோ வலைக்கோ அல்ல, ஆசிரியை வீட்டுப் பிள்ளையின் பயம் தீர வேண்டும் என்று சொல்லிச் செபித்தார்கள். முடிந்ததும் அவர்களுடைய மூப்பர், "நாளைக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போறேல்லை. கொட்டில் போடுறம்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளி நூலகத்தில் கிடந்த ஒரு பழைய சஞ்சிகையில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தாரைப் பற்றி வாசித்திருக்கிறேன். அமெரிக்காவில் மின்சாரமும் காரும் வேண்டாம் என்று வயலில் கமம் செய்து வாழ்பவர்கள். ஒருவருடைய களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடிக் கட்டிக் கொடுக்குமாம். தீமை செய்தவன் வந்து கேட்குமுன்பே மன்னித்துவிடுவார்களாம். வாசித்தபோது ஆசையாக இருந்தது, ஆனால் முழுதாக நம்பவில்லை. அவர்கள் விரும்பிக் கைவிட்ட மின்சாரமும் காரும் எங்களுக்கு விரும்பாமலே இல்லாமல் போயிருந்தன. அவர்களைப் பற்றி வாசித்த மிச்சத்தை என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் காண்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

விடிந்ததும் என் கணவர் எங்கள் குசினிக்கு வேய வைத்திருந்த, தென்னோலையில் பின்னிய கிடுகுகளைத் தூக்கிக்கொண்டு போனார். அதைக் கண்டு தெருவில் இருந்த கமக்காரர்களும் பூவரசந் தடியோடும் பனைநாரோடும் வந்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பெண்களோடு இருந்து கிடுகு எடுத்துக் கொடுத்தேன். கூரையில் இருந்த என் கணவர், கீழே கயிற்றில் நங்கூர முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கடற்தொழிலாளி ஒருவரைப் பார்த்து, "கடல்காரர் கூரைக்கும் நங்கூரம் போடுவினமோ?" என்றார்.

"உங்கடை ஊர்க் காத்துக்குப் போடத்தான் வேணும், அண்ணை. நேற்றுப் பாத்தனாங்கள்தானே."

ஒரு கணம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முழுக் காணியும் சிரித்தது.

சைவரான எங்களுக்கு வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. அதற்காக மீன் போடாமல் தனியாக ஒரு பானையில் கூழ் காய்ச்சினார்கள். "மீன் இல்லாத கூழ் குடிக்கிறதெண்டால் அது பெரிய தவம்தான்" என்று மூப்பர் எங்களுக்காக இரங்கினார். அவ்வளவு சந்தோஷமான ஒரு பகலை அந்த வருடங்களில் நான் கண்டதில்லை. இருந்தும் நிமிடத்துக்கு ஒருமுறை மகள் ஒளிந்திருந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

பின்னேரம் கடைசிக் கிடுகைக் கட்டும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த வீட்டுக்காரர் வந்தார். மனைவி பக்கத்தில் போய் மெல்லச் சொன்னார். அவர் வலை இருந்த இடத்தைப் பார்த்தார். புதுக் கொட்டிலைச் சுற்றி வந்தார். உள்ளே போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் மகள் தானாகவே வந்து கொட்டில் வாசலில் நின்றாள். சொன்னபடி அந்தப் பெண் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் குனிந்து வெளியே வந்து, என் பிள்ளையின் முகத்துக்கு நேரே குந்தினார்.

"வலை போனது எனக்குக் கவலைதான், பிள்ளை. புதுசு பின்னவேணும். நீ நாளைக்கு வந்து வலை பின்னுற ஊசியிலை நூல் சுத்தித் தாறியோ?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப சரி. நீ சாப்பிடேல்லையாம், நானும் சாப்பிடேல்லை. வா."