நனைந்த ஜமுக்காளம்

அலங்காநல்லூர்ப் பக்கம் நடவு என்றால் முத்துமீனாவைத்தான் முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷமாக அவள் நடவுக்கு மட்டும்தான் போகிறாள். அறுப்பு, கல்யாணம், காதுகுத்து எதற்கும் கிடையாது. சேற்று வயலில் எல்லார் சேலையும்தான் நனைந்திருக்கும். அவள் சேலையை யார் தனியாகப் பார்க்கப் போகிறார்கள்?

ஓயாத உதிரப்போக்கென்று மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த கொஞ்ச நாளில் அது ஆரம்பித்தது. படுத்தாலும் நின்றாலும் சிறுநீர் அவளைக் கேட்காமலே வடிந்தது. பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாளிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

"பையை எடுத்தா எல்லாருக்கும் இப்படித்தான்டி. எனக்கும் இருமுனா வரும். வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

இருமினால் வருவதும் ஓயாமல் வடிவதும் ஒன்றா? அந்த மகராசி டாக்டருக்குப் படித்த மாதிரி சொன்னாள், இவளும் நம்பித் தொலைத்தாள். துணியை மடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். வாடை தாங்காமல் புருஷன் சுருளி படுக்கையை வாசலுக்கு மாற்றிக்கொண்டான்.

மகள் ஆர்த்திகாவுக்கு ஒத்தக்கடையிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. நிச்சயத்தன்று தட்டு மாற்றப் பெற்றவள் சபையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். முந்தின நாளிலிருந்தே முத்துமீனாவின் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அப்படியும் என்ன, தட்டு கைமாறும்போதே ஜமுக்காளம் நனைந்துவிட்டது.

"எந்திரிங்க மதினி, சாப்பிடப் போவோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்தாள்.

முத்துமீனா எழவில்லை. அவள் முகம் போன போக்கை ஆர்த்திகா பார்த்தாள். ஒரே எட்டில் வந்து, செம்புத் தண்ணீரை அம்மாவின் மடியில் மொத்தமாகக் கவிழ்த்தாள்.

"ஐயய்யோ, கை நழுவிருச்சும்மா!"

அந்த வாரமே ஒத்தக்கடையிலிருந்து சுருளிக்குப் போன் வந்தது.

"தட்டு மாத்துன இடத்துல பொண்ணு தண்ணியக் கொட்டுனது மனசுக்கு ஒப்பலண்ணே. இதோட விட்டுருவோம்."

ஆர்த்திகா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அம்மாவை வேறொரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கர்ப்பப்பையை எடுக்கும்போது மூத்திரப்பையில ஓட்டை விழுந்திருக்கு. அபூர்வமாத்தான் இப்படி ஆகும். தச்சுட்டாப் பெரும்பாலும் சரியாயிரும். அப்பவே வந்திருக்கலாமேம்மா?" என்றார் டாக்டரம்மா.

"எல்லாருக்கும் இப்படித்தான்னாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் முத்துமீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அதான் சரியாயிரும்னுட்டாங்கல்ல, இன்னும் ஏம்மா அழுவுற?"

"அதுக்குத்தாண்டி அழுவுறேன்."